தகுதியான ஆள் கிடைக்கவில்லையா? காரைக்காலின் வரலாறு சொல்லும் பதில்



"தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்பது முதலாளிகளின் பழைய புலம்பல். "படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை" என்பது நம் பிள்ளைகளின் புலம்பல். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் கேட்கின்றன. காலியிடமும் இருக்கிறது, காத்திருக்கும் ஆளும் இருக்கிறார். இருவரும் ஏன் சந்திப்பதில்லை?

பொருளாதார அறிஞர்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸரைட்ஸ் ஆகிய மூவருக்கும் 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். அவர்கள் சொன்னதன் சாரம் எளிமையானது. வேலைச் சந்தை காய்கறிச் சந்தை போல இயங்குவதில்லை. ஆளைத் தேட முதலாளிக்கும் வேலையைத் தேடத் தொழிலாளிக்கும் நேரமும் பணமும் செலவாகின்றன. அதனால்தான் காலியிடங்களும் வேலையில்லாதவர்களும் ஒரே சமயத்தில் இருக்கிறார்கள்.

நல்ல விளக்கம்தான். ஆனால் நம் மண்ணில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வேலை தேடும் உரிமை யாருக்கு இருந்தது?

காவிரியின் கடைமடையில், ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், சுற்றிலும் தமிழ்நாடு சூழக் கிடக்கும் காரைக்காலின் வரலாற்றை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு இணைந்த ஊர் இது. இரண்டு அரசுகளின் சட்டங்கள் உரசிக்கொண்ட இடம் என்பதால், மற்ற ஊர்களில் மறைந்து கிடக்கும் ஓர் உண்மை இங்கே வெளியே தெரிகிறது. சேரி மக்களுக்கு எப்போதெல்லாம் ஒரு கதவு திறந்ததோ, அப்போதெல்லாம் அவர்களிடம் "திறமை" இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கதவு மூடியிருந்த காலம் முழுவதும் அதே மக்களுக்குப் பெயர் "திறனற்ற கூலி".

வயலில் இருந்த திறமை

அரசாங்கப் பதிவேடுகளில் விவசாயக் கூலி என்றால் திறன் தேவைப்படாத வேலை. வயலில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பொய் என்று.

நாற்றங்கால் எப்போது பறிக்கும் பருவத்துக்கு வரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். வயலைச் சமமாகச் சேறடிக்க வேண்டும், வரப்பு சீவி அண்டை வெட்ட வேண்டும். கடைமடைக்கு வரும் கொஞ்ச நீரை எந்த மடையை அடைத்து எந்த மடையைத் திறந்தால் எல்லா வயலுக்கும் பாய்ச்சலாம் என்று கணக்குப் போட வேண்டும். ஒரே சீரான இடைவெளியில் நாள் முழுக்கக் குனிந்து நட வேண்டும். நடவுப் பெண்களின் விரல்களுக்கு இருந்த அளவுக்கோல் எந்த வேளாண் கல்லூரியும் கற்றுத் தந்ததல்ல. டெல்டாவின் நெல் முழுக்க இந்த அறிவின் மேல்தான் விளைந்தது. இந்த அறிவின் பெரும்பகுதி பறையர், பள்ளர் குடும்பங்களிடம் இருந்தது. நிலமோ அவர்களிடம் இல்லை.

பண்ணையாள் முறை இந்த உழைப்பை எப்படிக் கட்டி வைத்தது? சாட்டையும் சாணிப்பாலும் நமக்குத் தெரியும். அவற்றை விட அமைதியாக வேலை செய்த கட்டு ஒன்று உண்டு, அது குடியிருப்பு மனை. பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் நிலத்தில். வேலையை விட்டால் வீடும் போகும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன், அப்பன் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு வந்து நிற்கும்.

இன்றைய பொருளாதாரப் பாடநூல் மொழியில் சொன்னால், வேறு வேலை தேடுவதற்கு அந்த மனிதன் கொடுக்க வேண்டிய விலை அவன் வீடு, அவன் குடும்பத்தின் பாதுகாப்பு, சில நேரம் அவன் முதுகுத் தோல். இப்படிப்பட்ட இடத்தில் "சந்தை" என்ற சொல்லைப் பயன்படுத்துவதே தவறு. ஆளும் வேலையும் பொருந்தின என்பது உண்மை. ஆனால் பொருத்திப் பார்த்தது பிறப்பை மட்டும்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம், அடிமை மீதான உடைமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. பிரான்ஸ் 1848 ஏப்ரல் 27 அன்று தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. இரண்டு சட்டங்களும் அடிமை என்ற சொல்லை ஏட்டிலிருந்து எடுத்தன. கடனையும் குடியிருப்பு மனையையும் தொடவில்லை.

கப்பல் என்ற கதவு

1848-ன் சட்டம் காரைக்காலின் சேரியில் செய்யாததை, பல்லாயிரம் மைல் தள்ளி ரெயூனியன் தீவில் செய்தது. அங்கே சுமார் 60,000 அடிமைகள் விடுதலை பெற்றார்கள். கரிபியன் கடலில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலும் அப்படியே. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானனின் கரும்புத் தோட்டத்தில் பழைய நிபந்தனையில் வேலை செய்ய மறுத்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின.

1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போய்ச் சேர்ந்தார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர். இவர்கள் ஏறிய துறைமுகங்கள் புதுச்சேரி, காரைக்கால், பிற்காலத்தில் கல்கத்தா. ரெயூனியனுக்குப் போனவர்கள் இதை விட அதிகம்.

சின்னஞ்சிறு காரைக்காலில் இத்தனை ஆட்கள் ஏது? எல்லை தாண்டித்தான் ஆட்கள் வந்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தின் பிரிட்டிஷ் கிராமங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆட்களைத் திரட்டிப் பிரெஞ்சு எல்லைக்குள் கொண்டு வந்தார்கள். ஏமாற்றிக் கொண்டு வந்தவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பண்ணையை விட்டுத் தப்பித்துத் தாமாகவே வந்தவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தின் முடிவில் 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியக் குடிகளைப் பிரெஞ்சுக்காரர் வெளிப்படையாகச் சேர்க்கலாம், ஒப்பந்தம் ஐந்தாண்டு, முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம் என்றானது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நம் ஊரில் ஒன்றுக்கும் உதவாதவர் என்று சொல்லப்பட்ட மனிதனின் உழைப்புக்காக, கடலின் மறுகரையில் ஒரு முதலாளி கப்பல் கட்டணம், மேஸ்திரியின் தரகு, முன்பணம் எல்லாம் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10 பிராங்க் என்று கூலி எழுதினான். அந்த உழைப்புக்கு விலை இருந்தது. ஊர்தான் அந்த விலையைக் கொடுக்க மறுத்தது.

இரண்டாவது, கப்பலில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே தொழில் தெரிந்தவர்கள் அல்ல. நெசவு தெரிந்தவர், மண்பாண்டம் வனையத் தெரிந்தவர், நெல் விவசாயம் தெரிந்தவர் என்று பலர் இருந்தார்கள். தீவில் இறங்கியதும் அனைவருக்கும் ஒரே வேலை, கரும்பு வெட்டுவது. ஒப்பந்தம் முடியும் வரை எஜமானனை மாற்றிக்கொள்ள முடியாது. கையேடு இல்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று பிடிப்பார்கள். ஊரில் கடன் கட்டியது போல, அங்கே காகிதம் கட்டியது. கொடுமைகள் குறித்த புகார்கள் பெருகி, 1882-ல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது.

ஆகவே கப்பலை விடுதலை என்று கொண்டாட முடியாது. ஆனால் அது ஒன்றை நிரூபித்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் சாதியின் பிடி தளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் காணி வாங்கினார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குவாதலூப்பில் 1863-ல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904-ல் தொடங்கிய வழக்கை 1923 வரை விடாமல் நடத்தி வென்றார். அந்த வெற்றிக்குப் பின்னால் தோட்ட முதலாளியின் கருணை எதுவும் இல்லை. சட்டப் போராட்டம் இருந்தது.

ஒரு கையெழுத்து என்ன செய்தது

ஊரில் இருந்தவர்களுக்கு இன்னொரு கதவு திறந்தது.

1873-ல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் காலணி அணிந்து வந்ததற்காகப் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அவர் வேளாளர். அவருக்கே காலில் செருப்புப் போட வழக்கு நடத்த வேண்டியிருந்தது என்றால், சேரிக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

1881 செப்டம்பர் 21 அன்று ஓர் அரசாணை வந்தது. சாதி, மதம் சார்ந்த வழக்கச் சட்டத்தை ஒருவர் எழுத்து மூலம் துறந்துவிட்டால், அவரும் குடும்பமும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வருவார்கள். ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வாங்க முடியாது. இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான்கள் என்றார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளையே லப்போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஆனால் துறந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். ஆதிக்க சாதி இந்துக்களில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள். இருக்காதா? துறப்பதற்கு அவர்களிடம் சாதிச் சலுகை இருந்தது. நம்மவர்களிடம் இருந்தது சாதி இழிவு மட்டும்தான்.

இந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு நடந்ததை வேலைச் சந்தையின் கண்ணால் பாருங்கள். பிரான்ஸ் அப்போது வியட்நாமின் தென்பகுதியை, அவர்கள் கொச்சின்சீனா என்று அழைத்த பகுதியை, ஆண்டுகொண்டிருந்தது. சைகோனில் நிர்வாகம் நடத்தப் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெனோன்சான்கள் போனார்கள். காவலர், சிறைக் காவலர், சுங்கத்துறை ஊழியர், வரி வசூலிப்பவர், எழுத்தர் என்று வேலைகளில் அமர்ந்தார்கள். சிலர் படைக்குப் போனார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை நம் பக்கத்தில் இன்றும் "சொல்தா" என்றுதான் சொல்கிறோம்.

பண்ணையில் களம் கூட்டுவதற்குத்தான் லாயக்கு என்று சொல்லப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, ஒரே தலைமுறையில் கணக்கு எழுதினான், சட்டம் படித்தான். அவன் மூளை மாறிவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடமும் சட்டத் தகுதியும் கிடைத்தன, அவ்வளவுதான்.

அங்கேயும் கதை சுகமாக முடியவில்லை. வேலை ஒன்று, சம்பளம் இரண்டு என்ற நிலை வந்தது. பிரான்சிலிருந்து வந்த ஐரோப்பியருக்குக் காலனிப் படியும் தாய்நாட்டு விடுப்பும் உண்டு. இந்தியப் பிரெஞ்சுக் குடிமகனுக்கு அதைக் கொடுப்பதா என்று நிர்வாகம் இழுத்தடித்தது. ரெனோன்சான்கள் சம உரிமை கேட்டு மனுப் போட்டார்கள், வாதாடினார்கள். சாதியைத் துறந்தவர்களை நிறம் வந்து மறித்தது.

இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. சைகோனில் நம்மவர் போட்டிருந்த சீருடை, வியட்நாம் மக்களை ஒடுக்கிய அரசின் சீருடை. ஒரு மக்களுக்குத் திறந்த கதவு இன்னொரு மக்களின் மேல் மூடிய கதவாக இருந்தது. வரலாற்றைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். சுமார் 5,000 பேர் எழுதித் தந்தார்கள். அந்தச் செய்தி எட்டாத, எட்டியும் அதன் மதிப்பு தெரியாத குடிசைகள் எத்தனையோ.

சந்தை ஏன் தானாகத் திருந்தவில்லை?

இந்த இடத்தில் ஒரு மாணவர் கேட்கலாம்: "திறமையான ஆளைச் சாதிக்காக ஒதுக்கினால் முதலாளிக்குத்தானே நட்டம்? லாபத்துக்காகவாவது அவர் சாதியை விட்டுவிட மாட்டாரா?"

இதே வாதத்தைத்தான் 1957-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் நிற வெறியைப் பற்றி எழுதிய நூலில் வைத்தார். பாகுபாடு காட்டும் முதலாளி அதற்கு விலை கொடுக்கிறார், போட்டி அதிகமானால் அவர் பின்தங்குவார் என்றார். இதற்கு 1976-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் ஒரு பதில் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே சாதிதான். விதியை மீறி ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளியை மற்றவர்கள் ஒதுக்கி வைப்பார்கள் என்றால், அந்தப் பயத்தில் யாரும் மீற மாட்டார்கள். எல்லோருக்கும் நட்டம் என்றாலும் விதி நீடிக்கும்.

ஊர்க் கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு இதைச் சொல்ல நோபல் பரிசு பெற்றவர் தேவையில்லை. இவர்களுக்கெல்லாம் முன்பே, 1936-ல், "சாதி ஒழிப்பு" நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைச் சொல்லிவிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பது என்றார். தொழில்கள் மாறும்போது மனிதனும் தொழில் மாற வேண்டும். அதைச் சாதி தடுப்பதால் வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணம் ஆகிறது என்றார். ஆளையும் வேலையையும் பொருத்துவது பற்றி இந்திய மண்ணிலிருந்து எழுந்த கூர்மையான விமர்சனம் அது. நம் பொருளாதார வகுப்புகளில் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்று கேளுங்கள்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி கீழ்வெண்மணி. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் தஞ்சைப் பண்ணைகளில் பேரம் பேசும் பலத்தைக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம். சட்டம் வந்த பக்கத்திலும் அமைதி வரவில்லை. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்குக் கொண்டுவந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் வைத்து 44 உயிர்களை எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கூலி என்பது சந்தையில் தானாக அமையும் விலை என்று நம்புகிறவர்கள் அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் கிழக்குத் தஞ்சைக்கு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனை சொந்தமான பிறகுதான் வேறு வேலை தேடிப் போவது பலருக்குச் சாத்தியமானது. வேலை தேடும் செலவைக் குறைத்தது அந்த மனைப் பட்டா.

பதிவு அட்டையும் எல்லைக் கோடும்

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கர் பொறுப்பில் இருந்தது. 1945-ல், போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித்தரும் அமைப்பாக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். சாதியோ சிபாரிசோ இல்லாமல், பதிவு வரிசைப்படி ஆளையும் வேலையையும் சந்திக்க வைக்கும் பொது அமைப்பு. எவ்வளவு பெரிய யோசனை!

1959-ல் நாடாளுமன்றம் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கும் சட்டத்தை இயற்றியது. அதைப் படித்துப் பாருங்கள். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. வீட்டு வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. தனியார் விவசாய வேலைக்கும் பொருந்தவில்லை. விவசாயத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு, பண்ணை இயந்திரம் ஓட்டும் வேலை. அதாவது டிராக்டர் ஓட்டுபவர் சட்டத்துக்குள் வந்தார், வயலில் நடவு நடும் பெண் வரவில்லை. எந்த வேலைகளில் நம் மக்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தார்களோ, அந்த வேலைகளைச் சட்டம் வெளியே நிறுத்தியது.

காரைக்காலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகளை வரையறுக்கும் குடியரசுத் தலைவர் ஆணை 1964-ல் வந்தது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நெடுங்காட்டிலோ நிரவியிலோ இருக்கும் ஆதிதிராவிடப் பட்டதாரி, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாகப்பட்டினத்துத் தமிழ்நாடு அரசு வேலைக்கு எஸ்.சி. ஒதுக்கீட்டில் போட்டியிட முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த குடும்பத்துக்குப் "பூர்வீகம்", "குடிபெயர்ந்தவர்" என்ற பிரிவினை காத்திருக்கிறது. சாதிக்கு எல்லைக்கோடு கிடையாது. இரண்டு பக்கச் சேரிகளும் கொள்வினை கொடுப்பினை உள்ள ஒரே உறவுக் கூட்டம். சலுகைக்கு மட்டும் எல்லைக்கோடு இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. இவ்வளவு சிறிய ஊரில் எத்தனை வகை வேலை இருக்க முடியும்? ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இங்கே இருக்கிறது. 2009-ல் தனியார் துறைமுகம் வந்தது. 2010-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 2016-ல் ஜிப்மர் கிளை வந்தது. எல்லாம் வரட்டும், நல்லது. ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நிரந்தரப் பணியில் யார், ஒப்பந்தப் பணியில் யார், துப்புரவுப் பணியில் யார்?

இன்றைய வாசற்காவலர்கள்

"அதெல்லாம் பழைய கதை, இப்போது தகுதிதான் பேசும்" என்று சொல்பவர்களுக்கு மூன்று செய்திகள்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு படிப்புள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதத்தை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. நேரில் முகம் பார்ப்பதற்கு முன்பே, காகிதத்தில் இருந்த பெயரே கதவைச் சாத்தியது.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெருநிறுவன அதிகாரிகளைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், "குடும்பப் பின்னணி" முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், எந்தத் தெரு? இந்தக் கேள்விகள் எதை அளக்கின்றன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது செய்தி மலக்குழியிலிருந்து வருகிறது. சாக்கடையும் மலத்தொட்டியும் சுத்தம் செய்யும் தொழிலாளர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தது. 2024-ல் வெளியான விவரப்படி, பதிவு செய்யப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. இந்த வேலைக்கு ஆள் தேடி யாரும் அலைவதில்லை. திறன் பயிற்சி மையம் வைப்பதில்லை. "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று எந்த ஒப்பந்தக்காரரும் புலம்புவதில்லை. ஆளையும் வேலையையும் இவ்வளவு துல்லியமாகப் பொருத்தும் வேறு ஒரு சந்தை இந்தியாவில் இல்லை. அதைப் பொருத்துவது சாதி.

அதனால்தான் "திறன் இடைவெளி" என்ற சொல்லை அப்படியே விழுங்க வேண்டாம் என்கிறேன். திறன் பயிற்சி வேண்டாம் என்பதில்லை. வெல்டிங், கணினி, செவிலியர் படிப்பு, பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். சைகோன் போனவர்களுக்குக் கைகொடுத்தது பிரெஞ்சுப் படிப்புதான். ஆனால் அவர்கள் போக முடிந்தது 1881-ன் சட்டத் தகுதி கையில் இருந்ததால். படிப்பு மட்டும் இருந்து உரிமை இல்லாவிட்டால், சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். உரிமை மட்டும் இருந்து படிப்பு இல்லாவிட்டால், ஒதுக்கீட்டு இடம் "தகுதியானவர் இல்லை" என்ற குறிப்போடு காலியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, உங்கள் ஊரில் உள்ள ஒவ்வொரு அரசு, பொதுத்துறை நிறுவனத்திலும் எஸ்.சி. ஒதுக்கீட்டில் நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். பிரிவு வாரியாகக் கேளுங்கள். ஒப்பந்தப் பணியாளர்களின் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

இரண்டு, உங்கள் தெருவில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். யார் என்ன படித்திருக்கிறார், என்ன வேலை செய்கிறார், அந்த வேலை யார் மூலம் கிடைத்தது என்று மூன்றே கேள்விகள் போதும். கடைசிக் கேள்வியில்தான் உண்மை இருக்கிறது. பெரும்பாலான தனியார் வேலை விளம்பரத்தில் வருவதில்லை, "தெரிந்தவர் சொல்லி" வருகிறது. தெரிந்தவர் யாருக்கு இருக்கிறார், யாருக்கு இல்லை என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். வேலையில் இருக்கும் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குத் "தெரிந்தவர்" ஆக வேண்டும்.

மூன்று, தாத்தா பாட்டிகளிடம் அவர்கள் செய்த வேலைகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மடை கட்டியவர், நடவுக்குத் தலைமை தாங்கியவர், கப்பலேறியவரின் பேரன், சொல்தாவின் மகள் என்று யாராக இருந்தாலும் அவர்களின் தொழிலறிவை எழுதி வையுங்கள். "திறனற்றவர்" என்று அரசுப் பதிவேடு எழுதியதற்கு நம் கையில் இருக்கும் மறுப்பு அது.

நான்கு, தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற கோரிக்கையை விடாதீர்கள். காரைக்காலின் வரலாற்றில் எந்தக் கதவும் தானாகத் திறந்ததில்லை. அகெர்லாஃப் சொன்னது போல, தனியாக விதியை மீறும் முதலாளி ஒதுக்கப்படுவார். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வந்தால் ஒதுக்க ஆள் இருக்காது.

தகுதியான ஆள் நம் தெருவில் எப்போதும் இருந்தார். இப்போதும் இருக்கிறார். கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்!